நாவுக்குள் வைத்திருந்த பெயர்

அழைக்கும் குரல் எவ்வளவு மெலிந்திருந்தாலும் அதற்குச் செவி சாய்க்கின்ற திருமாலை வணங்குகிறேன். எப்பெயரிட்டு அழைத்தாலும் அப்பெயரைத் தனதாக்கிக்கொள்ளும் அவன் கருணை இந்த எளிய எழுத்துக்குத் துணை நிற்கட்டும்.

இன்று புரட்டாசித் திருவோணம். துளசிக்கு நீர் வார்த்து, விளக்கேற்றி, திருநாமங்களைச் சொல்லி முடித்துவிட்டு இதை எழுத அமர்ந்தேன். சொல்லிக்கொண்டிருக்கையில், வழக்கம்போல மூன்று இடங்களில் என் பக்கத்திலிருந்து ஒரு குரல் நின்றுவிட்டாற்போல் தோன்றியது. அந்தக் குரலுக்கு உரியவரைப் பற்றியே எழுதப் போகிறேன்.

மைசூர் யாதவகிரியில் ரயில்வே குடியிருப்பில் நாங்கள் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். என் கணவருக்கும் அவர் கணவருக்கும் ஒரே அலுவலகம். வயதில் என்னைவிட மூத்தவர் என்பதால் நான் அவரை அக்கா என்பேன். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வரிசையிலிருந்த தமிழ்ப் பெண்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடித் திருநாமங்கள் சொல்வோம். அக்காவின் குரல் வெண்கல மணியின் ஓசை போன்றது. அது எழும்பும்போது மற்றவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். ஆனால் 'கோவிந்தா' என்று எல்லோரும் வாய்விட்டுச் சொல்லும் இடத்தில் அந்த மணி ஓய்ந்துவிடும். 'சீனிவாசா' என்னும் இடத்திலும் அப்படியே. 'ருக்மிணி மணாளா' என்று வரும்போது பின்பாதியில் மட்டும் வந்து சேர்ந்துகொள்வார். மூச்சு வாங்குகிறார் என்றே முதலில் எண்ணினேன்.

பிறகுதான் புரிந்தது. அவருடைய மாமனார் கோவிந்தசாமி, கணவர் சீனிவாசன், மாமியார் ருக்மிணி. புகுந்த வீட்டுப் பெரியவர்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பது அந்நாளில் எங்களில் பலர் கைக்கொண்ட வழக்கம். நானும் என் கணவர் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் பெருமாளின் பெயராக வரும்போது யாரும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அக்கா எடுத்துக்கொண்டார்.

"பெருமாள் பேருதானே அக்கா, சொன்னா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பெருமாளுக்கு வேற பேரு நெறைய இருக்கும்மா. இவங்களுக்கு ஒண்ணுதானே இருக்கு" என்றார்.

சீனி என்ற சொல்கூட அவரிடம் இல்லை. ஊரே சக்கரை என்று சொல்வதால் காபி குடிக்க முடிந்தது. ரேஷன் கடையில்தான் அகப்பட்டுக்கொண்டார். புதிதாக வந்திருந்த குமாஸ்தா, "யஜமானர ஹெசரு ஹேளம்மா" என்று கணவர் பெயரைக் கேட்டான். அக்கா மேற்கூரையைப் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி, "மலை மேல நிக்கிறாரே, அவரு" என்றார்.

"வெங்கடேசா?"

இல்லை என்று தலையசைத்தார்.

"திம்மப்பா? திருமலையா?"

அதற்குள் வரிசையே அந்த ஆட்டத்தில் சேர்ந்துவிட்டது. பின்னால் நின்ற கௌரம்மா, சாமராஜநகரத்துக்காரர், எங்களோடு பழகித் தமிழ் பேசுகிறவர், "ஏன்ரீ, பெருமாளையே வரவெச்சு கையெழுத்து வாங்கிடுங்களேன்!" என்றார். கடை முழுதும் சிரித்தது. அக்காவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். ஆனாலும் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்குக் காரணம் பக்தியோ மரியாதையோ மட்டுமல்ல என்பதை மழைபெய்த ஒரு பிற்பகலில், அப்பளம் இட்டுக்கொண்டிருந்தபோது, அவரே சொன்னார். சேலத்துப் பக்கத்திலிருந்து புதுப்பெண்ணாக மைசூருக்கு வந்த நாள். உடன் வந்த தம்பிக்குக் கன்னடம் தெரியாது. கணவர் வேலையில் இருந்ததால் ஸ்டேஷனுக்கு வரவில்லை. ஜட்கா வண்டிக்காரன் யார் வீடு, யார் வீடு என்று கேட்டுக்கொண்டே நின்றான். தம்பி விழித்தான். மாமனார் ரயில்வேயில் கார்டு, எல்லோரும் அறிந்தவர். ஆகவே அக்கா பின்னாலிருந்து, "கோவிந்தசாமி வீடு" என்று சொல்லிவிட்டார். வண்டிக்காரன் தலையை ஆட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

அந்த மாதமே மாமனார் மார்வலியால் மாண்டார்.

"யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லல. வண்டிக்காரன்கிட்ட சொன்னது யாருக்குத் தெரியும்? அத்தையாவது திட்டியிருந்தா அழுது தீத்திருப்பேன்" என்றார் அக்கா. அப்பளக் குழவி ஒரே இடத்தில் உருண்டுகொண்டிருந்தது.

இட்ட அப்பளங்களை எடுத்து முறத்தில் பரப்பினேன்.

திருமணமாகி நெடுநாள் கழித்து அக்காவுக்குப் பெண் பிறந்தாள். முதல் பேத்திக்குத் தந்தைவழிப் பாட்டியின் பெயரை இடுவது அவர்கள் குடும்ப வழக்கம். ஆகவே பெயர் எது என்பதில் கேள்வியே எழவில்லை. எந்த உருவில் என்பதில்தான் கூடம் இரண்டுபட்டது. தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, மோதிரத்தால் எழுதுவதற்காகத் தகப்பனார் அமர்ந்திருந்தார்.

"ருக்மணின்னு எழுதறேன். வாய்க்கு வர்றது அதுதான்" என்றார் அவர்.

"வாய்க்கு வர்றதெல்லாம் பேராகாது. ருக்மிணி. அதுதான் சாஸ்திரம்" என்றார் புரோகிதர்.

கௌரம்மா விடவில்லை. "நம்ம ஊர்ப் பக்கம் ருக்கம்மா அந்தானே கூப்பிடறது. சன்னாகிதெ, நல்லாத்தானே இருக்கு?"

எனக்கு வேறொரு நோக்கம் இருந்தது. தாய் தன் குழந்தையைப் பெயர் சொல்லி அழைக்க எப்படியாவது ஒரு வாசல் திறந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். "ருக்குமணின்னு வைங்க. எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவாங்க. பாட்டி பேரும் ஆச்சு, அக்காவுக்கும் தோஷமில்லே" என்றேன்.

சுவரோரம் சாய்ந்திருந்த மாமியார் பொக்கைவாய் தெரியச் சிரித்தார். "நீங்க எப்படி வேணா வளைச்சு வளைச்சுக் கூப்பிடுங்கடி. திரும்பிப் பாக்கப்போறது நான்தானே!"

கூடம் கலகலத்தது. அரிசியில் ருக்மிணி என்று எழுதப்பட்டது. தகப்பனார் குழந்தையின் செவியில் ஓதினார், அத்தைமுறையினர் ஓதினர், பாட்டி, தன் பெயரைத் தானே ஓதுவதற்கு வெட்கப்பட்டு, ஓதினார். கடைசியில் அக்கா குனிந்தார். அருகில் இருந்தவள் நான். குழந்தையின் காதோர மயிர் அசைந்தது. மூச்சு மட்டுமே சென்றது.

அன்று மாலை பாத்திரங்களை ஒழித்துவைக்கையில் மீண்டும் முயன்றேன். "ருக்குமணி வேற பேருதானே அக்கா? வீட்டுக்குள்ளயாவது அப்படிக் கூப்பிடுங்களேன்."

"நாக்குக்கு அது வேறம்மா. மனசு யாரை நெனைக்கும்?" என்றார். உறங்கும் குழந்தையைப் பார்த்து, "இப்ப அந்தப் பேருல ரெண்டு உசுரு இருக்கு" என்றார்.

பெண் வளர்ந்தாள். பள்ளியில் அவள் ருக்மிணி. ஆங்கிலத்தில் எழுதுகையில் நடுவில் எந்த உயிரெழுத்தை இடுவது என்று தகப்பனாரும் ஆசிரியையும் வாதிட்டு, ஆசிரியை வென்றார். தகப்பனாருக்கு அவள் ருக்மணியாகவே இருந்தாள். கௌரம்மாவுக்கு ருக்கம்மா. தெருப் பிள்ளைகளுக்கு ருக்கு. எப்படி அழைத்தாலும் ஓடிவருவாள். தாயிடம் மட்டும் அவளுக்குப் பெயரில்லை. கண்ணு, பாப்பா, தங்கம் என்பார். தொலைவில் இருந்தால் இரண்டு முறை கைதட்டுவார். அந்தத் தட்டலில் ஒரு தாளம் உண்டு. ஊர்க் குழந்தைகள் ஆயிரம் பேர் கைதட்டினாலும் என் அம்மாவின் கை எனக்குத் தெரியும் என்று அவளே சிறுவயதில் என்னிடம் பெருமைப்பட்டிருக்கிறாள்.

பெருமை வயதோடு கரைந்தது. ஒருநாள் பள்ளி வாயிலில் அக்காவோடு நின்றேன். மழை வரும் போலிருந்ததால் மற்றத் தாய்மார்கள் பெயர் சொல்லி அழைத்து ஒவ்வொரு பிள்ளையாகக் கூட்டிப்போனார்கள். ருக்மிணி தூணருகே எங்களைப் பார்த்தபடியே நின்றாள், வரவில்லை. அக்கா கைதட்டினார். அவள் அசையவில்லை. மறுபடியும் தட்டினார். முற்றம் வெறுமையாகி, காவல்காரர் கதவைச் சாத்த வந்தபோதுதான் அவள் நடந்து வந்தாள். முகத்தில் கோபமில்லை. எதையோ எதிர்பார்த்து ஏமாந்த பிள்ளையின் முகம்.

மைசூர் என்றிருந்த ராஜ்யம் கர்நாடகம் என்று பெயர் மாறியபோது அவள் பெரிய வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். எங்கும் பலகைகளை அழித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். "ஒரு ராஜ்யத்துக்கே பேரு மாத்திச் சொல்ல ஜனங்க பழகிட்டாங்க. உன்னால என் பேர ஒரே ஒரு தடவை சொல்ல முடியலையா?" என்று அவள் கேட்டது எங்கள் வீட்டுச் சமையலறைவரை கேட்டது. அன்றே இன்னொன்றும் சொன்னாள்: "கை தட்டினா வர்றதுக்கு நான் என்ன ஹோட்டல் சர்வரா?"

அதன்பிறகு அக்கா கைதட்டவில்லை. மகள் எங்கே இருக்கிறாளோ அங்கே தானே நடந்துபோய் நின்றார்.

காரணத்தை நான் பெண்ணிடம் எடுத்துச் சொன்னதுண்டு, ஜட்கா கதை நீங்கலாக. அது அக்காவின் உடைமை. அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "பாட்டி மேல எனக்கும் மரியாதை இருக்கு சித்தி. பாட்டி பேரைப் பாட்டிக்கே வெச்சுக்கட்டும். எனக்குன்னு ஒண்ணு குடுத்திருக்கலாமே. இரவல் குடுத்துட்டு அதையும் அம்மா தொடமாட்டேங்கறாங்க" என்றாள்.

நர்ஸ் படிப்புக்காக அவள் மதராஸுக்குப் புறப்பட்ட மாலையில் நாங்களெல்லாம் ஸ்டேஷனுக்குப் போனோம். ஜன்னலோரம் அமர்ந்து கையை வெளியே நீட்டித் தாயின் கையைப் பற்றிக்கொண்டாள். "அம்மா, வண்டி கெளம்பப்போகுது. பேரச் சொல்லி, போயிட்டு வான்னு சொல்லு."

அக்கா அவள் தலையிலிருந்த பூவைச் சரிசெய்தார். தோளைத் தடவினார். "போயிட்டு வா கண்ணு" என்றார்.

அவள் கையை விட்டாள். "பேரச் சொல்லி எப்பக் கூப்பிடறயோ, அப்ப வரேன். அதுவரைக்கும் வரமாட்டேன்." வண்டி நகர்ந்தது. இளம்பிராயத்து வீம்பு, ஒரு விடுமுறைக்குள் தணிந்துவிடும் என்று தகப்பனார் சொன்னார். தீபாவளிக்கு அவள் வரவில்லை. அடுத்த கோடையிலும் வரவில்லை. கடிதம் வரும், பாட்டியின் நலம் கேட்டிருக்கும். அக்கா எழுதச்சொல்லும் பதில்களை நான்தான் எழுதினேன். 'என் கண்ணுக்கு' என்றே அவை தொடங்கின.

அப்படியிருக்க, மாமியார் படுக்கையில் விழுந்தார். நினைவு தெளிவாக இருந்தது, உடல்தான் விட்டுக்கொண்டிருந்தது. பேத்தியைப் பார்க்கவேண்டும் என்று அவர் கேட்ட காலையில் நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

"அவளைக் கூப்பிடுடி" என்றார் மாமியார்.

"தந்தி குடுக்கச் சொல்றேன் அத்தை."

"தந்தி வேண்டாம். நீ கூப்பிடு. அவ கேட்ட மாதிரியே கூப்பிடு." அக்கா தலைகுனிந்து நின்றார். கிழவி அவர் மணிக்கட்டைப் பற்றினார். "என் ஆயுசு உன் நாக்குலயா இருக்கு, பைத்தியமே? நான் சொல்றேன். கூப்பிடு."

அன்று நண்பகலிலேயே அக்காவும் நானும் தலைமைத் தபால் நிலையத்துக்குச் சென்றோம். வெளியூருக்குப் பேச அந்நாளில் அங்கே பதிவு செய்து காத்திருக்கவேண்டும். விடுதியில் பலர் இருப்பார்கள் என்பதால், குறிப்பிட்ட ஒருவரையே அழைத்துத் தரும் வகையில் பதியவேண்டும். அதற்குப் பெயர் கொடுக்கவேண்டும். சீட்டை வாங்கி நான் பேனாவைத் திறந்தேன். அக்கா என் கையின்மேல் தம் கையை வைத்தார்.

"நீ எழுதாதே. நானே சொல்றேன். இங்க ஒரு தடவை சொல்லிட்டா, அவகிட்ட சொல்ல வந்துடும்."

ஜன்னலுக்கு அப்பால் இருந்தவர் வயதான கன்னடக்காரர். "யார் கிட்ட பேசணும்? ஹெசரு?" என்றார்.

அக்கா முந்தானையைத் தோளோடு போர்த்துக்கொண்டார். சந்நிதியில் நிற்பதுபோல நின்றார். பிறகு, அந்த வெண்கலக் குரலில், கூட்டத்தில் எத்தனையோ ஆண்டுகள் விழுங்கிய அந்தப் பெயரைச் சொன்னார்.

"ருக்மிணியம்மா."

கூடத்தில் நாங்கள் வாதிட்ட உருவங்களுள் எதுவும் இல்லை அது. ஓர் எழுத்தும் தேயாமல், வளையாமல், புரோகிதர் சொன்னதைவிடச் செம்மையாக வந்தது. இறுதியில் ஒரு மாமியாருக்குரிய மரியாதையும் சேர்ந்து வந்தது. அந்த ஒரே அழைப்புக்குள் இருவரையும் அமர்த்திவிட்டார்.

"வயசானவங்களா? போன் கிட்ட மெல்ல வருவாங்களா?" என்று கேட்டார் அவர்.

"இல்லீங்க. என் பொண்ணு. சின்னவ" என்றார் அக்கா. அவர் கன்னங்கள் புதுப்பெண்ணின் கன்னங்கள்போல் சிவந்திருந்தன.

பெஞ்சில் காத்திருந்தோம். அந்த மனிதர் அவ்வப்போது கருவியை எடுத்து, பெங்களூரைப் பிடித்து, மதராஸைப் பிடித்து, "ருக்மிணியம்மா… ஹௌது, ருக்மிணியம்மா" என்று உரக்கச் சொல்வார். ஒவ்வொரு முறையும் அக்கா கண்களை மூடித் திறந்தார். திருநாமக் கூட்டத்திலும் அவர் முகத்தில் அப்படியொரு நிறைவை நான் கண்டதில்லை.

வெயில் சாய்ந்தபின் இணைப்புக் கிடைத்தது. அக்கா கருவியைக் காதில் வைத்தார். இரைச்சலுக்கு நடுவே அந்தப் பெண்ணின் குரல் எனக்கும் கேட்டது. "அம்மாவா? அம்மா, நீயா?"

"கண்ணு" என்றார் அக்கா. "பாட்டிக்கு முடியல. உன்னைப் பாக்கணுங்கறாங்க."

"பாட்டிக்கு என்ன? சொல்லும்மா!" பிறகு அவள் குரல் தாழ்ந்தது. "நீயே கூப்பிட வந்தியா? சொல்லு. என் பேரச் சொல்லு, இப்பவே வண்டியேறறேன்."

அக்காவின் உதடுகள் குவிந்தன. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒலி வரவில்லை. அந்நியர் ஒருவரிடம் எளிதாக இறங்கிய பெயர், உரியவளின் செவி எதிரே இருந்தபோது எழவில்லை. "சரிம்மா, புரியுது" என்று அந்தப்புறம் கேட்டது. நேரம் முடிந்துவிட்டது என்றார் ஜன்னலுக்கு அப்பால் இருந்தவர்.

அன்றிரவே தகப்பனார் தந்தி கொடுத்தார். அது போய்ச் சேர்ந்து அவள் வருவதற்குள் மாமியார் கண்மூடிவிட்டார்.

சடங்குகள் நடந்த நாள்களில் பெண் ஒரு விருந்தாளியைப்போல வீட்டிலிருந்தாள். பாட்டிக்காக வந்தேன் என்று என்னிடம் மட்டும் சொன்னாள். அவள் திரும்பிப்போன மறுநாள் அக்கா கிணற்றடியில் என் கைகளைப் பிடித்துக்கொண்டார். அன்று அவர் முகத்தில் கண்ட அச்சம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

"தபாலாபீசுல நான் வாயத் தொறந்ததை அவகிட்ட சொல்லிடாதே. ஒருத்தங்க போயிட்டாங்க. அந்தப் பேருல இனி அவ ஒருத்திதான் இருக்கா. இனிமே நான் சொல்லவே மாட்டேன்."

"அவங்க உடம்பு முடியாம இருந்தவங்க அக்கா. அவங்களேதானே சொல்லச் சொன்னாங்க."

"சொன்னாங்க. நானும் சொன்னேன். போயிட்டாங்க" என்றார். அவளிடம் சொல்லமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன்.

பெண் படிப்பை முடித்து ஜெர்மனிக்கு வேலைக்குச் சென்றாள். அக்கா காலமானபோது அவளால் வந்துசேர முடியவில்லை. தகப்பனார் வீட்டைக் காலி செய்து உறவினரோடு போனபின் அவள் முகவரியும் என்னிடமிருந்து நழுவியது. அங்கேயே திருமணமாகி, பேரப்பிள்ளைகளும் பிறந்துவிட்டதாக யாரோ சொல்லக் கேட்டேன்.

அக்காவுக்குக் கொடுத்த வாக்கை இத்தனை நாள் காத்தேன். பெண் பாட்டியின் வயதை எட்டிவிட்டாள்; அந்தப் பெயர் அவளை ஒன்றும் செய்துவிடவில்லை. இனியும் காப்பது அக்காவுக்கே நான் இழைக்கும் குறையாகும் என்று என் மனம் சொல்கிறது.

அம்மா ருக்மிணி, தமிழெழுத்து உனக்கு இன்னும் மறக்கவில்லையென்றால், யார் மூலமேனும் இது உன் கைக்கு வந்தால், தெரிந்துகொள். உன் தாய் உன்னைப் பெயர் சொல்லி அழைத்தார். முழுப் பெயரையும் சொன்னார். அது மைசூரிலிருந்து மதராஸ்வரை கம்பி வழியே ஊர் ஊராகக் கைமாறிப் போயிற்று. நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

இதைப் படிக்கின்ற நீங்கள் அனைவரும் நலமுடன் நீடு வாழ்வீர்களாக. உங்கள் பெயரை எவர் வாயால் கேட்க ஏங்குகிறீர்களோ, அவர் கேட்கும் தொலைவில் இருக்கும்போதே உங்களை அழைப்பாராக. நீங்கள் அழைக்கவேண்டியவர் எவரோ, அவர் பெயர் உங்கள் நாவில் அச்சமின்றி எழுவதாக. எல்லா அழைப்பும் சென்றடையும் பெருமான் நம் அனைவரையும் காத்தருள்வானாக.